டோரா கேட்டால் பதில் சொல்லும் பிள்ளை



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்து, உள்கடன் பேச்சும் முடிந்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். "மேடம், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். கடன் விஷயமாக இருக்கும் என்று நினைத்தோம். இல்லை, அவருடைய மூன்றேகால் வயது மகனைப் பற்றி.

"நான் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கான் மேடம். ஆச்சி கேட்டாலும் பதில் கெடையாது. ஆனா அந்த டோராவப் போட்டுவிட்டாப் போதும். அது கேக்கக் கேக்க இவன் பதில் சொல்லிக்கிட்டே இருக்கான். கத்துதான், கையக் காட்டுதான், குதிக்கான். எங்க மாமியாரு, பிள்ளைக்கு மந்தம் பிடிச்சிருக்கு, நீதான் போனக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டங்காவ. நான் என்ன செய்ய? தட்டுல உக்காந்தாத்தான எனக்குப் பொழப்பு?"

அவர் பீடி சுற்றுகிறவர். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

எழுந்து போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஒரே விவாதம். வயதான உறுப்பினர் ஒருவர், போனைப் பிடுங்கிப் பரணில் வை, எல்லாம் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் விடவில்லை. அவருடைய மூத்த மகள் சின்ன வயதில் டோரா பார்த்துத்தான் ஆரஞ்சு, ப்ளூ, ஒன் டூ த்ரீ எல்லாம் படித்தாளாம், இப்போது நர்சிங் படிக்கிறாளாம். மூன்றாவதாக ஒருவர் கேட்டதுதான் எல்லோரையும் சிரிக்க வைத்தது. "அது கெடக்கட்டும். பொம்பளப் பிள்ளை ஒரு கொரங்கக் கூட்டிக்கிட்டுக் காடு மலையெல்லாம் சுத்துதே, அவுக அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இந்தக் கேள்வி மற்ற குழுக்களிலும் இருக்கும் என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

யார் இந்த டோரா?

டோரா பிறந்தது அமெரிக்காவில். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று நிக்கலோடியன் என்ற தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தாள். கிறிஸ் கிஃபோர்ட், வலேரி வால்ஷ், எரிக் வைனர் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய கதை. பள்ளிக்கூடம் போவதற்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்காகவே எடுத்தது. கதையில் டோராவுக்கு 7 வயது. ஸ்பானிய மொழியில் பெண் பயணியை, தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறவளை, 'எக்ஸ்ப்ளோரடோரா' என்பார்கள். அந்தச் சொல்லின் வாலை வெட்டி எடுத்ததுதான் டோரா.

அவள் மாநிறம், கறுப்பு முடி, வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழி. இது தற்செயல் இல்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழி வந்த மக்கள் மூன்றரைக் கோடிப் பேர். எட்டுப் பேருக்கு ஒருவர். ஆனால் டிவியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். அந்தக் குறையைப் பேசித்தான் இப்படி ஒரு பெண்பிள்ளையைக் கதாநாயகி ஆக்கினார்கள். அவள் ராஜகுமாரி இல்லை. யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கவும் மாட்டாள். பையை மாட்டிக்கொண்டு தானே கிளம்புவாள். எங்களுக்கு டோராவிடம் பிடித்த விஷயம் இது.

தமிழில் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் தொடங்கியது. அதில்தான் 'டோராவின் பயணங்கள்' என்ற பெயரில் தமிழ் பேசிக்கொண்டு வந்தாள். சிவப்பு பூட்ஸ் போட்ட குரங்குக்குத் தமிழில் புஜ்ஜி என்று பெயர். நீல முகமூடி போட்டுக்கொண்டு பொருளைத் திருட வருவது குள்ளநரி. ஆங்கிலப் படத்தில் டோரா ஸ்பானியச் சொற்களைக் கற்றுக்கொடுப்பாள். தமிழில் அந்த இடத்தில் ஆங்கிலச் சொற்கள் வந்தன. 2006இல் இருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. குடிசை வீட்டிலும் டிவி வந்தது, கூடவே டோராவும் வந்தாள். கோயில் கொடைக் கடைகளில் டோரா படம் போட்ட பை, டோரா பலூன் என்று வாங்கிக் கொடுத்தது பல பேருக்கு நினைவிருக்கும். அன்றைக்கு மூன்று நான்கு வயதில் பார்த்தவர்களுக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. இப்போது அதே டோராவைக் கைபேசியில் தேடிப் போட்டு அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அவள் என்ன செய்கிறாள்?

மறுநாள் அந்த வீட்டுக்கே போனோம். சொல்வதைக் கேட்பதை விட நேரில் பார்ப்பது மேல். தாய் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். பையன் கொல்லைப்புறத்தில் கோழியோடு நின்றான். போனில் டோரா பாட்டு ஆரம்பித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தான். காது கேட்கிறது என்ற ஒரு நிம்மதி. (ஆனால் அது மட்டும் போதாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.)

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாங்களும் முழுசாகப் பார்த்தோம். நீங்களும் ஒரு தடவை பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும் படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் வேறு கதை.

டோரா நேராக நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். ஒரு இடத்துக்குப் போக வேண்டும், எப்படிப் போவது என்று கேட்கிறாள். வரைபடம் எழுந்து நின்று வழி சொல்கிறது. முதலில் பாலம், அப்புறம் ஆறு, அப்புறம் மலை என்று மூன்றே இடம். அந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுகிறது. கிளம்பியதும், "முதலில் எங்கே போகணும்?" என்று டோரா கேட்கிறாள். கேட்டுவிட்டு, பேசாமல் நிற்கிறாள்.

சகோதரிகளே, அந்தப் பேசாமல் நிற்கும் சில நொடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் படத்தில் எதுவும் நடப்பதில்லை. டோரா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நம் பையன் "பாலம்!" என்று கத்துகிறான். உடனே திரையில் ஒரு நீல அம்புக்குறி வந்து பாலத்தின் மேல் 'டிக்' என்று தொடுகிறது. டோரா, ஆமாம், பாலம்தான் என்கிறாள். பையன் எங்களைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், கலெக்டர் கையால் பரிசு வாங்கினதைப் போல ஒரு பார்வை.

குள்ளநரி வரும்போதும் அப்படித்தான். டோராவுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரிகிறது. டோராவுக்குப் பின்னால் புதரில் வால் ஆடுகிறது. பிள்ளை துடிக்கிறான், "அங்க, அங்க, பின்னால!" எல்லோரும் சேர்ந்து மூன்று தடவை, திருடக் கூடாது என்று சொன்னால் குள்ளநரி விரலைச் சொடுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை சொல்லி ஒரு திருடன் திரும்பிப் போகிறான்! வீட்டில் அவன் சொல்லி என்ன நடக்கிறது? சட்டை போட்டுக்கொள், சாப்பிடு, அங்கே போகாதே, தூளைத் தொடாதே. நாள் முழுவதும் அவனுக்குக் கிடைப்பது உத்தரவுதான். (தூளைத் தொடாதே என்பது சரியான உத்தரவு. புகையிலைத் தூள் பறக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கவே வேண்டாம், தட்டுக்கு எட்டி உட்காரட்டும்.)

கலரும் பாட்டும் காரணமா?

கலர் கலராக ஆடுகிறது, பிள்ளை மயங்கிப்போய் பார்க்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் டேனியல் ஆண்டர்சன் என்ற உளவியல் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1981இல் வெளியான ஆய்வு. 'செசமி ஸ்ட்ரீட்' என்பது 1969இல் தொடங்கிய குழந்தைகள் நிகழ்ச்சி. அதை எடுத்து, காட்சிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டார்கள். பேச்சைத் தலைகீழாக ஓட விட்டார்கள், வேற்று மொழியில் மாற்றினார்கள். கலர் அதே கலர், ஆட்டம் அதே ஆட்டம். ஆனால் பிள்ளைகள் பார்ப்பது குறைந்துவிட்டது. புரிந்தால் பார்க்கிறார்கள், புரியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது தெரியவந்தது. நாம் நினைப்பதை விடப் பிள்ளைகள் விவரமானவர்கள்.

அதே ஆண்டர்சன் ஆலோசனை சொல்லி 1996இல் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது, நிக்கலோடியனிலேயே. ஒரு நீல நாய்க்குட்டி துப்பு வைக்கும், பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கத்தை அந்த நிகழ்ச்சிதான் பிரபலமாக்கியது. நான்கு வருஷம் கழித்து வந்த டோரா அந்தப் பாதையிலேயே நடந்தாள். ப்ளூஸ் க்ளூஸில் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். பெரியவர்கள் அலுத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் அலுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் பேசாமல் கவனித்த பிள்ளைகள் ஐந்தாம் நாள் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். புரிந்ததும் நாளுக்கு நாள் கூடியது. பார்த்ததையே பார்க்கிறானே, புத்தி மங்கிவிட்டதோ என்று கவலைப்படும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆச்சியிடம் அதே காக்கா நரிக் கதையை நூறாவது தடவை கேட்கும் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாத உலகத்தில் தெரிந்த ஒரு மூலை அது.

டோரா கதைகளையும் படமாக எடுப்பதற்கு முன்பே, படக்கதைப் புத்தகம் மாதிரி செய்து பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். எங்கே பிள்ளை நெளிகிறது, எங்கே எழுந்து போகிறது என்று குறித்துவைத்து மாற்றுவார்கள். பிள்ளை எதற்குத் திரும்பிப் பார்க்கும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தவர்கள் அவர்கள். தட்டில் உட்கார்ந்து ஆயிரம் சுற்ற வேண்டிய தாய், அவர்களோடு போட்டி போட்டுத் தோற்றுவிட்டேன் என்று அழ வேண்டியதில்லை.

பயன் உண்டா என்றால், சில பிள்ளைகளுக்கு உண்டு. 2005இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 51 குழந்தைகளை ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரை கவனித்து வந்தார்கள். டோரா, ப்ளூஸ் க்ளூஸ் போன்ற கேள்வி கேட்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சொல் கூடுதலாக இருந்தது. 'டெலிடப்பீஸ்' பார்த்த பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது. அந்த நிகழ்ச்சியில் பொம்மைகளே மழலை பேசும். பிள்ளைக்கு அதில் சொல் எங்கே கிடைக்கும்? இருந்தாலும், 51 பிள்ளைகளை வைத்து ஊர் முழுக்கத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டோராவை வைத்தால் பேச்சு வந்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டோராவுக்குக் காது இல்லை

பையன் "பாலம்" என்று சொன்னான், டோரா ஆமாம் என்றாள். இரண்டாவது தடவை போட்டபோது நாங்கள் அவனைக் கோழி பக்கம் திருப்பிவிட்டோம். அவன் பதிலே சொல்லவில்லை. டோரா அப்போதும் ஆமாம், பாலம்தான் என்று சொன்னாள். "மலை" என்று சொல்லியிருந்தாலும் அதையே சொல்லியிருப்பாள். அவளுக்குக் கேட்காது. இது பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பேச்சுப் பழகும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாங்களே இப்போதுதான் புரிந்துகொண்டோம்.

2003இல் பட்ரீஷியா குல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். ஒன்பது மாதக் கைக்குழந்தைகள், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள். சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து, 12 தடவை, அந்தப் பிள்ளைகளோடு பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. இன்னொரு கூட்டம் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். அவை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் திரையே ஆகாதா? 2014இல் வந்த ஒரு ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொல் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நேரில். ஒரு கூட்டத்துக்கு வீடியோ காலில். ஒரு கூட்டத்துக்கு முன்பே பதிவுசெய்த வீடியோவில். நேரில் பார்த்த பிள்ளைகளும் வீடியோ காலில் பேசிய பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். பதிவு வீடியோ பார்த்த பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோ காலிலும் திரைதான். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பிள்ளை சொல்வது கேட்கிறது. பிள்ளை சிரித்தால் சிரிக்கிறார், தப்பாகச் சொன்னால் தப்புக்கு ஏற்ற பதில் வருகிறது.

இதைச் சொன்னதும் அந்தத் தாய் சட்டென்று நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கணவர் துபாயிலிருந்து கூப்பிடுவாராம். பிள்ளை முகத்தைக் காட்டிவிட்டு, "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்று இரண்டு நிமிஷத்தில் போனை வாங்கி, மற்றதெல்லாம் இவர்கள் பேசிவிடுவார்களாம். பணம், வட்டி, கரண்ட் பில். அந்த அரை மணி நேரத்தில் பத்து நிமிஷத்தைப் பிள்ளைக்கே கொடுங்கள் என்று சொன்னோம். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். கோழி எத்தனை முட்டை போட்டது என்று அவர் கேட்கட்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும்.

நாம் எப்படிக் கேட்கிறோம்?

அந்த வீட்டில் இருந்த இரண்டு மணி நேரத்தில் பையனிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் குறித்துக்கொண்டோம். (அவர்கள் வீட்டைக் குறை சொல்ல இல்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.) "இது என்ன கலரு? மேடத்துக்குச் சொல்லு." "ஏபிசிடி சொல்லு." "ஒன் பேரு என்ன? சொல்லுல, வாயில என்ன கொழுக்கட்டையா?" எல்லாமே கேட்கிறவருக்கு ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்விகள். அதாவது பரீட்சை. கேட்டு ஒரு மூச்சு விடுவதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் அக்காள் சொல்லிவிடுகிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேள்வியைக் காதில் வாங்கி, யோசித்து, சொல்லைத் தேடி எடுத்து, நாக்கில் கொண்டுவர நேரம் வேண்டும்.

டோரா பரீட்சை வைப்பதில்லை. வழி தெரியவில்லை, நீ சொல்லேன் என்று உதவி கேட்கிறாள். கேட்டுவிட்டு நிற்கிறாள். அவள் தந்திரம் இவ்வளவுதான். இதற்குக் கலர் டிவி வேண்டாம்.

அந்தத் தாய்க்கு வேலையை விட முடியாது. அதனால் வேலையோடு சேர்ந்த கேள்விகளாக யோசித்தோம். "நூல்கண்டக் காணோமே, எங்கல இருக்கு?" "கட்டு எண்ணணும், கூட எண்ணுதியா?" "ஆச்சி வீட்டுக்குப் போகணும்னா மொதல்ல எது வரும், கோயிலா, கடையா?" எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்டார். ஒரு இலையை எடுத்துத் தூள் வைத்துச் சுருட்டி நூல் சுற்றி முடிக்கும் வரை வாய் திறக்க வேண்டாம் என்றோம். "அவ்வளவு நேரமா!" என்றார். அவ்வளவு நேரம்தான். தப்பாகச் சொன்னாலும் சரி, விரலைக் காட்டினாலும் சரி, சொன்னதற்கு ஏற்ற பதில் வர வேண்டும். கடை என்று சொன்னால், "கடையா? அங்க என்ன வாங்கலாம்?" என்று போகலாம்.

டோரா பார்க்கவே கூடாதா என்றார் மாமியார். அவரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் பேசினோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயது வரை டிவி, போன் எதுவுமே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது முடியும் வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. டோரா ஒரு கதை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று பார்க்கட்டும், ஆச்சியும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும். குள்ளநரி வரும்போது ஆச்சியும் கத்தலாம், தப்பில்லை.

ஆனால் டிவியில் டோரா பார்த்த காலத்துக்கும் போனில் பார்க்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்களுக்கு அதில்தான் கவலை. டோரா கதை ஒவ்வொன்றும் முடியும்போது, இன்றைக்கு உனக்கு எது பிடித்தது என்று கேட்டு முடியும். டிவியில் அத்தோடு விளம்பரம் வரும், பிள்ளை எழுந்து விளையாடப் போகும். போனில் பிள்ளை பதில் சொல்வதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்குகிறது. அதற்கடுத்து வருவது டோராவாகவும் இருக்காது. அந்த வீட்டில் நாங்கள் பார்த்தபோது மூன்றாவதாக வந்தது யாரோ பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோ. அதில் கேள்வியும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. பையன் அசையாமல் பார்த்தான். தாய் சொன்ன 'கூப்பிட்டால் திரும்பாதது' எங்கே என்று எங்களுக்கு அப்போது தெரிந்தது. வீடியோ தானாக அடுத்ததற்குப் போவதை நிறுத்திவைக்க போனிலேயே வழி இருக்கிறது. உங்கள் ஊக்குநரிடம் கேட்டால் செய்து கொடுப்பார். இல்லாவிட்டால், கதை முடியும்போது அருகில் இருந்து, எது பிடித்தது என்று நீங்களே கேட்டுப் போனை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, முகத்தைப் பார்க்காமல் இருப்பது, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்துவது, இவற்றில் எது இருந்தாலும் டோரா மேலோ தாய் மேலோ பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். காது கேட்பதில் குறை இருக்கலாம், வளர்ச்சியில் வேறு ஏதாவது இருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருஷத்தில் இரண்டு தடவை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. தேவைப்பட்டால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கட்டணம் கிடையாது.

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாய் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் மூன்று நாள் நூல்கண்டு எங்கே என்று கேட்டுக் காத்திருந்து காத்திருந்து ஒன்றும் வரவில்லையாம். ஆச்சி பொறுக்க மாட்டாமல் பதில் சொல்லிவிட்டாராம். நான்காம் நாள் கேட்டபோது பையன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "புஜ்ஜி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றானாம். "எங்கல போனான்?" என்றதற்குக் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினானாம். போய்ப் பார்த்தால் நூல்கண்டு கோழிக்கூட்டுக்குள் கிடந்ததாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அன்னைக்கு முந்நூறு பீடி கொறஞ்சு போச்சு மேடம்" என்றும் சொன்னார்.

கூப்பிட்டால் இப்போதும் சில நேரம் திரும்புவதில்லை. அதனால் பரிசோதனைக் குழு எப்போது வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, தேதியை அவருடைய பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்குக் கூடவே குழுவின் பிரதிநிதியும் போகிறார்.